இதில் எந்த வரி உங்களோடது?

போன ஆடியில் ஒரு முளைப்பாரித் திருவிழாவுக்குப் பாடப் போயிருந்தோம். எங்கள் செட்டுக்குப் புதிதாக வந்த பெண் ஒருத்தி மேடைக்குப் பின்னால் வைத்து என்னிடம் கேட்டாள். "அக்கா, நான் கட்டுன பாட்ட ஒரு கம்பெனியில கேக்குறாங்க. பத்தாயிரம் தர்றாங்களாம். நாளைக்கே வந்து கையெழுத்துப் போடச் சொல்றாங்க, போகவா?" எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2016-இல் நான் நின்ற அதே இடத்தில் இவள் நிற்கிறாள். அன்று கச்சேரி முடிந்து வேன் கிளம்பும் வரை, விடியற்காலை மூன்றரை மணி வரைக்கும், அவளிடம் பேசிக்கொண்டே இருந்தேன். எனக்கு அப்படிச் சொல்ல அன்று யாரும் இல்லை. அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நாட்டுப்புறப் பாட்டுப் பாடுகிறவர்கள், அதிலும் சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிறவர்கள், பொறுமையாகப் படியுங்கள். இந்தப் பாடத்துக்கு நான் கொடுத்தது ஆறு வருடம். கையிலிருந்து போன பணம் நாற்பதாயிரம். வரவேண்டியது வராமல் போனதற்குக் கணக்கே இல்லை.

பாட்டு எனக்கு எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததெல்லாம் அதை ஒட்டித்தான். எனக்கு ஊர் மானாமதுரைப் பக்கம், கண்மாய்ப் பாசன ஊர். அப்பத்தாவை எழவு வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். ஒப்பாரியில் அவரை மிஞ்ச அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. செத்தவரின் தொழில், பிள்ளைகள், போட்ட சண்டை, கட்டிய வீடு எல்லாம் அவர் பாட்டுக்குள் வந்துவிடும். அழுதுகொண்டே கேட்கிறவர்கள், "ஆமா, அப்படித்தான் இருந்தாரு" என்று தலையை ஆட்டுவார்கள். அம்மாவுக்கு நடவுப் பாட்டு. வயலில் முப்பது பெண்கள் வரிசையாகக் குனிந்திருப்பார்கள், அம்மா ஒரு வரி எடுத்துக் கொடுத்தால் மற்றவர்கள் அதை வாங்கித் திருப்புவார்கள். பாட்டு வேகம் எடுத்தால் கையும் வேகம் எடுக்கும், அதனால் நிலத்துக்காரர்கள் அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள். அதற்காகக் கூலி ஒரு ரூபாய் கூடக் கூட்டிக் கொடுத்ததில்லை. இதைச் சிறு வயதில் நான் கவனிக்கவில்லை. இப்போது நினைத்தால் உறுத்துகிறது.

எங்கள் மாவட்டத்தில் இதில் பேர் வாங்கியவர்கள் இருந்தார்கள். கொல்லங்குடி கருப்பாயி அம்மா வானொலியில் பாடி, 1985-இல் சினிமாவிலும் பாடி நடித்தவர். அவர் பாட்டு ரேடியோவில் வந்தால் அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்காருவார். இளையான்குடிப் பக்கத்திலிருந்து வந்த கே.ஏ. குணசேகரன் ஐயா பழைய பாட்டைச் சேகரித்தார், புதுப் பாட்டையும் மேடையில் பாடினார். இவர்களெல்லாம் இருந்ததால்தான் இதுவும் ஒரு தொழில் என்று எங்களுக்குத் தெரிந்தது. நான் 2001-இல், பத்தொன்பது வயதில், ஒரு கரகாட்டச் செட்டோடு பாடப் போனேன். கரகம் ஏறுவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் தெம்மாங்கு, அது என் வேலை. ஒரு ராத்திரிக்கு 150 ரூபாய். பங்குனி, சித்திரையில் தொடர்ந்து இருபது ராத்திரி பாடுவோம், ஐப்பசி, கார்த்திகையில் சும்மா இருப்போம். நையாண்டி மேளம் முழங்கும்போது அதற்கு மேல் குரலை எடுத்துப் பாட வேண்டும். முதல் இரண்டு வருடத்தில் தொண்டை கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். தவில்காரர் ஒருவர்தான், "மேளத்தோட மல்லுக்கட்டாதம்மா, மேளம் மூச்சு வாங்குற எடத்துல நீ பாடு" என்று சொல்லிக் கொடுத்தார். இன்றைக்கும் அப்படித்தான் பாடுகிறேன்.

பாட்டுக் கட்ட ஆரம்பித்தது அப்பா இறந்த பிறகு. 2013-இல் அப்பா திடீரென்று போய்விட்டார். தம்பி சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தான். அவனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை, பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் வந்து சேர்ந்தான். அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, ஊருக்கெல்லாம் ஒப்பாரி சொன்ன அப்பத்தா, பெற்ற பிள்ளைக்குச் சொன்னார். எண்பது வயதைத் தாண்டியிருந்தார், குரல் உடைந்து உடைந்து வந்தது. அதில் ஒரு வரி என்னை விடவே இல்லை. மறு வருடம் ஒரு மழை ராத்திரியில் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டு எழுதினேன். வெளிநாடு போன தம்பிக்கு அக்கா பாடுவது போல. அதில் நடுவில் இப்படி வரும்:

விசா எடுத்துப் போனவனே வீட்டு வழி மறந்தவனே
பேசாத செல்லுக்கு நான் பொட்டு வச்சுப் பாத்தேனே
ஒத்தப் பனமரமா ஓலையெல்லாம் உதுந்தேனே

மூன்றாவது வரி அப்பத்தாவுடையது. முதல் இரண்டும் நான் எழுதியவை. மெட்டு, அம்மாவின் நடவு மெட்டை நான் நிறுத்தி நிதானமாக இழுத்தது. இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பெரிய விஷயமாக வரும்.

2015 பங்குனியில் முதல் தடவையாக மேடையில் பாடினேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்களில் பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் துபாயிலோ மலேசியாவிலோ இருந்திருப்பார்கள் போல. பாட்டு முடியும்போது கூட்டம் அப்படியே அடங்கிப் போனது. பிறகு இன்னொரு தடவை பாடச் சொன்னார்கள். அந்த ராத்திரி மூன்று தடவை பாடினேன். அந்த வருடம் போன ஊரிலெல்லாம், "அந்த செல்லுப் பாட்டு பாடுவியாம்மா?" என்று முதலிலேயே கேட்டுவிட்டுத்தான் அச்சாரம் கொடுத்தார்கள்.

2016-இல் மதுரையில் ஒரு ஒலிப்பதிவு நிறுவனத்திலிருந்து ஆள் வந்தது. பேர் வேண்டாம். எட்டுப் பாட்டு, ஒரே நாளில் ஒலிப்பதிவு, பன்னிரண்டாயிரம் ரூபாய். எட்டில் ஐந்து நான் கட்டியவை. ஒரு ராத்திரிக்கு எனக்கு அப்போது ஆயிரத்து ஐந்நூறு கிடைத்துக்கொண்டிருந்தது, அதனால் பன்னிரண்டாயிரம் பெரிய தொகையாகத் தெரிந்தது. தனியாகத்தான் போனேன். காலையில் ஐந்து பாட்டுப் பாடி முடித்து, சாப்பாட்டு நேரத்தில் ஒரு இருபது ரூபாய்ப் பத்திரத்தையும் அதோடு இணைத்த நாலு பக்கத்தையும் நீட்டினார்கள். எல்லாம் ஆங்கிலம். "என்ன சார் எழுதியிருக்கு?" என்றேன். "சும்மா ஃபார்மாலிட்டிம்மா, பாடுனதுக்குப் பணம் வாங்கிட்டேன்னு ஒரு ரசீது மாதிரி" என்றார்கள். வாத்தியக்காரர்கள் காத்திருந்தார்கள், அவர்களுக்கு மணிக்கணக்கில் சம்பளம் ஓடுகிறது என்று வேறு சொன்னார்கள். என்னால் அவர்களுக்கு நஷ்டம் வேண்டாமே என்று நாலு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒரு பிரதி கூடக் கேட்டு வாங்கவில்லை.

இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்கிறேன். அவசரப்படுத்துகிற இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். உண்மையிலேயே உங்கள் பாட்டு வேண்டும் என்கிறவர், காகிதத்தை ஒரு வாரம் வீட்டுக்குக் கொண்டுபோகச் சம்மதிப்பார். அதற்குச் சம்மதிக்காதவரிடம் உங்கள் பாட்டு இருக்க வேண்டாம். ஆங்கிலம் தெரியாவிட்டால் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள், கேட்பதில் ஒரு குறைச்சலும் இல்லை. பிரதி இல்லாமல் எழுந்து வராதீர்கள். குறைந்தபட்சம் செல்லில் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்தப் பிரதி கைக்கு வர ஐந்து வருடம் ஆனது. அதுவரை நான் எதில் கையெழுத்துப் போட்டேன் என்றே எனக்குத் தெரியாது.

2017-இல் பாட்டு வீடியோவாக வெளியானது. வேறொரு பெண் வாயசைத்து நடித்திருந்தாள், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் தொடக்கத்தில் எழுத்துகள் ஓடும்போது பாடியவர் என்று என் பேர் வந்தது, பாடல் என்ற இடத்தில் "நாட்டுப்புறப் பாடல்" என்று வந்தது. அவ்வளவுதான். வீட்டில் எல்லாரும் சந்தோஷமாகச் செல்லைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குள் மட்டும் ஏதோ அறுந்தது. அப்பா செத்ததும், தம்பி வராததும், நான் ராத்திரி உட்கார்ந்து எழுதியதும், எல்லாம் யாரோ பேர் தெரியாத காலத்தில் யாரோ பாடியது என்று ஆகிவிட்டது. அந்த வருடக் கடைசியில் அப்பத்தா போய்ச் சேர்ந்தார். அந்த வீடியோவை அவரிடம் நான் காட்டவே இல்லை.

உண்மையான அடி 2019-இல் விழுந்தது. அக்கா மகன் உதவியோடு சொந்தமாக யூடியூப் சேனல் தொடங்கினேன். ஒரு திருவிழாவில் நான் மேடையில் பாடியதை அப்படியே போட்டோம். பத்து நாளில் இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். அதற்குள் உரிமை கோரல் வந்துவிட்டது. அந்தப் பாட்டு தங்களுடையது, அதில் வரும் விளம்பர வருமானம் தங்களுக்கு என்று அந்த நிறுவனம் கோரியிருந்தது. நான் கட்டிய பாட்டை நானே மேடையில் பாடினாலும் காசு அவர்களுக்குப் போகிறது. அடுத்த வருடம் கொரோனா வந்தது. பங்குனியில் பேசி வைத்த பதினாலு கச்சேரியும் போயின. சேனல் மட்டும்தான் வருமானம் என்ற நிலை. அதிலும் அதிகம் பேர் பார்த்த வீடியோவிலிருந்து எனக்கு ஒரு பைசா இல்லை. அந்த நிறுவனத்தின் வீடியோவை அதற்குள் அறுபது லட்சம் பேருக்கு மேல் பார்த்திருந்தார்கள்.

நேரில் போனேன். உள்ளே விடவே ஒரு மணி நேரம் ஆனது. "நாட்டுப்பாட்டுக்கு ஏதும்மா சொந்தக்காரன்? எங்க அப்பத்தாவும்தான் பாடுவாங்க" என்றார் அங்கே இருந்தவர். அப்படியானால் என் வீடியோவில் எப்படி உரிமை கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்கத் தோன்றவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது, எழுந்து வந்துவிட்டேன். பேருந்தில் வரும்போதுதான் அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது.

அதற்குப் பிறகு நான் செய்த இரண்டு தவறுகளையும் சொல்கிறேன். தெரிந்தவர் சொன்னார் என்று ஒரு வக்கீலிடம் பதினைந்தாயிரம் கட்டினேன். ஒரு நோட்டீஸ் அனுப்பினார். அதன் பிறகு ஏழு மாதம், "பாக்கலாம்மா, பாக்கலாம்மா" என்பதே பதில். குற்ற வழக்குகளும் பாகப்பிரிவினையும் பார்க்கிறவர் அவர், காப்புரிமை, அதாவது காப்பிரைட், வழக்கு பார்த்ததில்லை என்று பிற்பாடுதான் தெரிந்தது. அடுத்து, "எனக்கு உள்ள ஆள் தெரியும், கிளைமை ஒரே வாரத்துல எடுத்துத் தர்றேன்" என்று ஒருவர் வந்தார். தோட்டை அடகு வைத்து இருபத்தைந்தாயிரம் கொடுத்தேன். அவர் நம்பர் மூன்றாவது நாளே அணைந்துவிட்டது. அந்தப் பணத்தை நினைத்து அழுததைவிட, அடகுக் கடைச் சீட்டை அம்மா கண்ணில் படாமல் ஒளித்து வைத்ததை நினைத்துத்தான் அதிகம் அழுதேன். யூடியூபில் உள்ள உரிமை கோரலை நீக்க வெளியாள் யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. மறுப்புத் தெரிவிக்கும் வழி உங்கள் சேனலுக்குள்ளேயே இருக்கிறது. மறுத்தால், எதிர்த் தரப்பு 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கோரல் தானாக நீங்கும். கோரல் வந்த 5 நாளுக்குள் மறுத்தால், முதல் நாளிலிருந்து வருகிற வருமானம் முடிவு தெரியும் வரை யாருக்கும் போகாமல் நிறுத்தி வைக்கப்படும். எனக்கு இது தெரியாமல் மாதக்கணக்கான வருமானம் அந்தப் பக்கம் போய்விட்டது. ஆனால் கையில் சரியான காரணம் இல்லாமல் மறுக்காதீர்கள். விவகாரம் முற்றினால் அவர்கள் வீடியோவையே நீக்கச் சொல்லலாம், அப்போது உங்கள் சேனல் மேல் ஸ்டிரைக், அதாவது விதி மீறியதாக எச்சரிக்கை, விழும்.

வழி திறந்தது 2021-இல். எங்கள் செட்டில் இருந்த ஒரு அண்ணன், நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை புதுப்பிக்கப் போன இடத்தில் யாரோ சொன்னதாக வந்து சொன்னார். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வக்கீல் இலவசமாம் என்று. எனக்கு நம்பிக்கை வரவில்லை, ஏழைச் சான்றிதழ் கேட்பார்கள் என்று நினைத்தேன். அப்படி இல்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அப்படியே. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணுக்கு அழைத்தும் கேட்கலாம். நாற்பதாயிரத்தைத் தொலைத்த பிறகு எனக்குத் தெரிந்தது இது. நீங்கள் முதலிலேயே அங்கே போங்கள்.

அங்கே ஒரு இளம் வக்கீல் பெண் கிடைத்தார். நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு வெள்ளைத் தாளில் பாட்டை முழுதாக எழுதச் சொன்னார். இருபத்து நான்கு வரி. தாளை என் பக்கம் திருப்பி வைத்து, பேனாவைக் கொடுத்து, "இதில் எந்த வரி உங்களோடது அக்கா? அதுக்கு மட்டும் கோடு போடுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. எல்லாமே என்னுடையதுதானே என்று சொல்ல வாய் வந்தது. சொல்ல முடியவில்லை. தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவோடு உட்கார்ந்தேன். ஒரு முழு இரவு ஆனது. மூன்று வரி அப்பத்தாவின் ஒப்பாரி. நான்கு வரி, ஊர் ஊராக எல்லாரும் எல்லாப் பாட்டிலும் போட்டுப் பாடுகிற வரி, யாருக்கும் சொந்தமில்லை. மீதி பதினேழு வரி நான் எழுதியது. அந்தப் பதினேழுக்கும் கோடு போட்டு எடுத்துப் போனபோது, "இப்ப நாம தைரியமாப் பேசலாம்" என்றார் வக்கீல்.

நம்மைப் போலப் பாட்டுக் கட்டுகிறவர்கள் எல்லாருக்கும் இந்த வேலை இருக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நாம் வெறும் காற்றிலிருந்து பாட்டு எடுப்பதில்லை. கும்மியிலிருந்து ஒரு அடி, தாலாட்டிலிருந்து ஒரு உவமை, ஏற்றப் பாட்டிலிருந்து ஒரு தன்னானே, இப்படித்தான் கட்டுகிறோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எது வந்தது, எது நாம் வைத்தது என்று பிரித்து வைக்காவிட்டால், "எல்லாமே மரபுதான்" என்று சொல்லி நம் பங்கையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். பழைய பாட்டின் மேல் யாருக்கும் தனிக் காப்புரிமை கிடையாது. அதன் மேல் நீங்கள் புதிதாக எழுதிய சொற்களுக்கு உண்டு. எழுதிய அன்றே அது உங்களுடையது, பதிவு செய்தால்தான் உரிமை என்பது கிடையாது. உங்கள் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பிறகு 60 ஆண்டும் அது நிற்கும். இன்னொன்று, ஒரு பாட்டுக்குள் மூன்று தனித்தனிச் சொத்து இருக்கிறது. சொல் ஒன்று, மெட்டு ஒன்று, ஒலிப்பதிவு ஒன்று. காசு போட்டு ஒலிப்பதிவு செய்தவருக்கு அந்தப் பதிவு சொந்தம். அதனாலேயே சொல்லும் மெட்டும் அவருக்குப் போய்விடாது. எழுத்தில் நீங்கள் கொடுத்தால்தான் போகும்.

என் காகிதத்தில் நான் எழுத்தில் கொடுத்திருந்தேன். வக்கீல் அனுப்பிய கடிதத்துக்குப் பதிலாக நிறுவனமே பிரதியை அனுப்பியது. உலகம் முழுக்க, என்றென்றைக்கும், எல்லா வடிவத்திலும் என்று எழுதியிருந்தது. காலம் குறிப்பிடாமல் விட்டிருந்தால் சட்டப்படி 5 ஆண்டுதான் செல்லும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும் என்றார் வக்கீல். அவர்கள் எதையும் விடவில்லை. அதைப் படித்துக் காட்டியபோது நான் உடைந்துபோனேன். ஆனால் அவர் சிரித்தார். 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தை 2012-இல் திருத்தியிருக்கிறார்கள். அதன்படி இப்படிப்பட்ட பாட்டை எழுதியவர் உரிமையை விற்றாலும், அந்தப் பாட்டு பயன்படும்போது வரும் ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை விட்டுக்கொடுக்கவே முடியாது. வாரிசுகளுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் அதை மாற்றித் தரலாம். நீங்களே கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்திருந்தாலும் அது செல்லாது. அதுபோல, நான்தான் எழுதினேன் என்று பேர் கேட்கும் உரிமையும் விற்ற பிறகும் உங்களிடமே இருக்கும். எத்தனை பாடகர்களுக்கு இது தெரியும் என்று நினைத்துப் பார்க்கிறேன். எனக்குத் தெரிந்த எங்கள் வட்டாரத்துக் கலைஞர்களில் ஒருவருக்குக் கூடத் தெரிந்திருக்கவில்லை.

அப்புறம் சாட்சி. நான்தான் எழுதினேன் என்று எப்படிக் காட்டுவது? முதன்முதலில் செல்லில் பாடிப் பதிந்து வைத்திருந்தேன், அந்தச் செல் 2018-இலேயே தண்ணீரில் விழுந்து போய்விட்டது. எனக்குக் கைகொடுத்தது மகளின் இரண்டாம் வகுப்பு வீட்டுப்பாட நோட்டு. அந்த மழை ராத்திரியில் கைக்குக் கிடைத்தது அதுதான். அதன் பின்பக்கங்களில்தான் பாட்டை அடித்துத் திருத்தி எழுதியிருந்தேன். முன்பக்கங்களில் டீச்சர் சிவப்பு மையில் தேதி போட்டுக் கையெழுத்திட்டிருந்தார், 2014. கூடவே 2015 திருவிழாக் கமிட்டி எடுத்த சிடி ஒன்றும் கிடைத்தது. அந்த நோட்டை அம்மா பழைய பேப்பர்காரரிடம் போடாமல் வைத்திருந்தது எங்கள் அதிர்ஷ்டம். நீங்கள் அதிர்ஷ்டத்தை நம்பாதீர்கள். பாட்டை மேடை ஏற்றுவதற்கு முன்னால் பாடிப் பதிந்து, வரிகளோடு உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள், தேதி தானாக நிற்கும். முடிந்தால் காப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். இணையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம், ஒரு படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய்தான். சொல்லுக்குத் தனி விண்ணப்பம், மெட்டுக்குத் தனி விண்ணப்பம். யாராவது ஆட்சேபம் சொல்கிறார்களா என்று பார்க்க 30 நாள் காத்திருப்பு உண்டு. நாளைக்கு ஒரு வழக்கு என்று வந்தால் அந்தச் சான்றிதழ் முதல் சாட்சியாக நிற்கும்.

2022-இல் ஆணைக்குழுவில் சமரசப் பேச்சுக்கு அழைத்தார்கள். நிறுவனத்தின் வக்கீல் பழைய பல்லவியையே எடுத்தார், இது மரபுப் பாடல், எழுதியவர் என்று யாரும் இல்லை என்று. எங்கள் வக்கீல் அமைதியாகக் கேட்டார். "மரபுப் பாடல்னா, இவங்க மேடையில பாடுன வீடியோவுல நீங்க உரிமை கேட்டது எப்படி? இல்ல, உரிமை உள்ள பாட்டுன்னா எழுதுனது யாரு, அவங்க பங்கு எங்க? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க சார்." நான் பேருந்தில் யோசித்த கேள்வி, இரண்டு வருடம் கழித்து, அந்த அறையில் ஒலித்தது. அவர்களிடம் பதில் இல்லை. மேலும் இரண்டு தடவை கூடிப் பேசினோம். கடைசியில் என் வீடியோக்கள் மேலிருந்த கோரலை விலக்கிக்கொண்டார்கள், பாடல் வரிகள் என்று என் பேரைப் போட ஒப்புக்கொண்டார்கள், பழைய பாக்கிக்கு ஒரு தொகையும் இனி வருவதில் பங்கும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அறுபது லட்சம் பார்வைக்கு அது சரியான தொகையா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். வழக்குப் போட்டு இன்னும் நாலைந்து வருடம் நடக்க என்னிடம் தெம்பில்லை. அடகில் இருந்த தோட்டை முதலில் மீட்டேன்.

இப்போது பாட்டெழுதுகிறவர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் உள்ள ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் சேர விண்ணப்பித்திருக்கிறேன். 1969-இலிருந்து இருக்கும் சங்கம், பாட்டு பொது இடங்களிலும் ஒலிபரப்பிலும் பயன்படும்போது வசூலித்து உறுப்பினர்களுக்குப் பிரித்துத் தருகிறது. சினிமாப் பாட்டு எழுதுகிறவர்களுக்குத்தான் அது என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. பாடகர்களுக்கான உரிமைச் சங்கம் தனியாக இருக்கிறது. இரண்டிலும் சேருவதற்குக் காகித வேலை கொஞ்சம் இருக்கிறது, படித்த பிள்ளைகள் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

பேர் மாறிய அன்று அம்மாவிடம் செல்லைக் காட்டினேன். "பாடல் வரிகள்" என்ற இடத்தில் என் பேரை எழுத்துக்கூட்டிப் படித்தார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "மெட்டு யாருதுன்னு போட்டுருக்கு?" என்று கேட்டார். அங்கே நிறுவனத்தின் இசையமைப்பாளர் பேர் இருந்தது. நான் பதில் சொல்லவில்லை. அம்மா கோபப்படவில்லை, செல்லைத் திருப்பித் தந்துவிட்டு எழுந்து போனார். நான் பதினேழு வரிக்காகப் போராடினேன். முப்பது பெண்கள் குனிந்து நின்று பாடிய மெட்டுக்காக நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அது ஊருக்குப் பொதுவான மெட்டு, சட்டத்தில் அதற்கு யாரும் உரிமை கேட்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அது எங்கிருந்து வந்தது என்று சொல்லியிருக்கலாம். என் சேனலில் என் வீடியோவுக்குக் கீழே அன்றைக்கே திருத்தி எழுதினேன். மெட்டு, எங்கள் ஊர் நடவு மெட்டு, அம்மா பாடக் கேட்டது. ஒப்பாரி வரிகள், அப்பத்தா.

இப்போது அம்மாவுக்குத் தெரிந்த பாட்டுகளை ஒவ்வொன்றாகப் பதிந்துகொண்டிருக்கிறேன். இதுவரை அறுபத்து மூன்று பாட்டு ஆகியிருக்கிறது. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் தேதி, ஊர், யாரிடம் கேட்டது என்று அம்மா தன் குரலிலேயே சொல்ல வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். சில பாட்டுக்குப் பேர் நினைவுக்கு வராமல் அரை மணி நேரம் யோசிக்கிறார். நேற்றும் அப்படித்தான், ஒரு களையெடுப்புப் பாட்டைப் பாடி முடித்து, யாரிடம் கேட்டோம் என்று தெரியாமல் விட்டுவிட்டுத் தூங்கப் போனார். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அந்தப் பெண்ணின் பேரைச் சொன்னார். மறுபடி பதிந்தோம்.